கடல் அட்டையின் கப்பல் சரித்திரம்

ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. வேதாளை அருகே, இல்லையென்றால் மண்டபம் பக்கம், சாக்கு மூட்டைகளிலும் பிளாஸ்டிக் கேன்களிலும் இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல். இலங்கைக்குக் கடத்த முயன்ற இருவர் கைது. படத்தில் போலீஸார் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் காலடியில் கருகிய வாழைக்காய் மாதிரி எதுவோ குவிந்து கிடக்கும். நாமும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அதை யார் தின்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாம்பன்காரர் நண்டு தின்பார், கணவாய் தின்பார், திருக்கைப் புட்டு அவிப்பார்; அட்டையைக் குழம்பு வைக்கச் சொன்னால் சிரிப்பார். இலங்கையின் மன்னாரிலும் அதே கதைதான். ஆஸ்திரேலியாவின் வடகரையிலும், தென் அமெரிக்காவின் கலாபகஸ் தீவுகளிலும் இதைப் பிடித்தவர்கள் தங்கள் அடுப்பில் ஏற்றுவதற்காகப் பிடிக்கவில்லை. உலகத்தின் பாதி விரிகுடாக்களில் இறங்கி மனிதன் தேடிய இந்தப் பிராணி, பெரும்பாலும் ஒரே ஒரு நாட்டின் விருந்து மேசைக்காகத்தான் தேடப்பட்டது.

அட்டை என்றதும் மலைக்காட்டில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டையை நினைத்துவிட வேண்டாம். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடல் அட்டைக்கு நெருங்கிய சொந்தம் நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான். கண் இல்லை, மூளை இல்லை. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் அடிமணலை அள்ளி விழுங்கும்; அதிலிருக்கும் மக்கிய பொருளையும் நுண்ணுயிர்களையும் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்வழியே தள்ளும். மூச்சு விடுவதும் அந்தப் பின்வழியாகத்தான். அந்த வாசலில் நுழைந்து உள்ளேயே குடித்தனம் நடத்தும் மெலிந்த மீன் ஒன்றுகூட உண்டு. எதிரி சீண்டினால் சில வகை அட்டைகள் குடலையே வெளியே கக்கிவிட்டு நழுவிவிடும். சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும். அலை அடங்கிய விரிகுடா, இடுப்பளவு தண்ணீர், சேறு கலந்த மணல், கொஞ்சம் கடற்புல் இருந்தால் போதும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் மேயும். ஓடாது, கடிக்காது. பிடிக்கக் கை ஒன்றே போதும் என்பதுதான் அதன் தலையெழுத்து.

ருசிக்காகவா இத்தனை அலைச்சல்? ருசி என்று இதற்கு ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. சீனக் கவிஞரும் பேர்போன சாப்பாட்டு ரசிகருமான யுவான் மெய். 1792-ல் வெளிவந்த தம் சமையல் நூலில், சுவையற்றது, மணல் நிறைந்தது, கவிச்சி வீசுவது, சமைத்துப் பேர் வாங்குவது மிகக் கடினமானது என்று கடல் அட்டையைப் பற்றி அலுத்துக்கொள்கிறார். அலுத்துக்கொண்ட கையோடு, கோழிச் சாற்றிலும் இறைச்சிச் சாற்றிலும் குழையக் குழைய வேகவைக்கும் பக்குவத்தையும் சொல்லித் தருகிறார்! சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. தனக்கென்று சுவை இல்லாததால், எந்தச் சாற்றில் போட்டாலும் அதைக் குடித்துக்கொண்டு வழுவழுப்பாக நிற்கும். நாக்குக்குச் சாறு, பல்லுக்கு அட்டை.

அதைவிடப் பெரிய காரணம் மருத்துவ நம்பிக்கை. மிங் வம்ச காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷியே ஜாவோஜே என்ற அறிஞர் லியாவ்தோங் கரையில் கிடைக்கும் இந்தப் பிராணியைப் பற்றி எழுதி வைத்தார். உடலுக்குச் சூடும் வலுவும் தருவதில் ஜின்செங் வேருக்கு நிகரானது என்பது அவர் குறிப்பு. ஜின்செங்குக்கு நிகர் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் போதாதா? பணக்கார வீட்டுக் கல்யாணம், அதிகாரிகளுக்கு விருந்து, பிரசவமான பெண்ணுக்குப் பத்தியம் என்று எல்லா இலையிலும் அது ஏறியது. அடுத்து வந்த சிங் வம்சக் காலத்தில் நாட்டின் மக்கள்தொகையும் பெருகியது, பணமும் பெருகியது. வடசீனக் குளிர்கடலில் கிடைத்த அட்டை கட்டுப்படியாகவில்லை.

முதலில் கை நீண்டது ஜப்பானுக்கு. ஜப்பானியர்களுக்கு அட்டை பழைய சிநேகிதம். 712-ல் தொகுக்கப்பட்ட அவர்களுடைய புராணத் தொகுதியான கோஜிகியில் ஒரு கதை இருக்கிறது: ஒரு பெண் தெய்வம் கடல்வாழ் உயிர்களையெல்லாம் கூட்டி, வானுலக இளவரசனுக்குப் பணி செய்வீர்களா என்று கேட்கிறாள். எல்லாம் தலையாட்ட, கடல் அட்டை மட்டும் வாய் திறக்கவில்லை. பேசாத வாய் எதற்கு என்று கத்தியால் கீறிவிட்டாளாம். அதனால்தான் அதன் வாய் இன்றும் கிழிந்திருக்கிறது. இந்த ஊமைப் பிராணி பிறகு ஒரு நாட்டின் கஜானாவையே தாங்கிப் பிடித்தது. நாகசாகித் துறைமுகத்தில் சீன வணிகர்களிடம் பட்டு வாங்கி வாங்கி ஜப்பானின் வெள்ளியும் செம்பும் கரைந்துகொண்டிருந்தன. உலோகத்துக்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று யோசித்த தோகுகாவா அரசு, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலர்ந்த கடல் அட்டை, உலர்ந்த அபலோன் சிப்பி, சுறாத் துடுப்பு மூன்றையும் வைக்கோல் மூட்டையில் கட்டி அனுப்பத் தொடங்கியது. 1785-ல் கொள்முதலை அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. கடற்கரைக் கிராமங்கள் பிடித்துத் தர வேண்டிய சரக்கானது அட்டை.

அப்போதும் போதவில்லை. சீன வணிகர்களின் பார்வை தெற்கே, வெப்பக் கடல்களின் மேல் விழுந்தது. இங்கே கிடைப்பவை வேறு வகைகள். பெரியவை, தோல் தடித்தவை. ஆனால் சாற்றைக் குடிப்பதில் குறைச்சல் இல்லை.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மக்கசார் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்று எழுந்ததும், பிராவு என்னும் பாய்மரப் படகுகள் கூட்டமாகக் கிளம்பி ஆஸ்திரேலியாவின் வடகரைக்குப் போயின. கேப்டன் குக் அந்தக் கண்டத்தின் கிழக்குக் கரையில் கால் வைத்தது 1770-ல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மக்கசார் மாலுமிகளுக்கு அதன் வடகரையில் ஒவ்வொரு வளைகுடாவும் அத்துப்படி. ஆர்னம்லாந்துப் பகுதியில் ஜூலிர்ரி என்ற பாறைக்குடையில் பிராவு ஓவியம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பின்னால் யாரோ தேன்மெழுகால் ஒட்டிய உருவத்தைக் காலக்கணிப்பு செய்தபோது, ஓவியம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் முந்தியது என்று தெரிந்தது. வந்த படகுகள் அட்டைக்காகத்தான் வந்தனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அட்டைக்காகத்தான் என்பதில் சண்டை இல்லை.

இந்தத் தொழிலை முதன்முதலாக விரிவாக எழுதி வைத்த ஐரோப்பியர் மேத்யூ பிளிண்டர்ஸ். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் வரைந்துகொண்டிருந்த அவர், 1803 பிப்ரவரியில் ஒரு தீவின் ஓரம் ஆறு படகுகள் நிற்பதைக் கண்டு, கடற்கொள்ளையர் என்று நினைத்துப் பீரங்கிகளைத் தயாராக வைத்துக்கொண்டார். பார்த்தால் போபாசோ என்ற முதியவரின் தலைமையில் அட்டை பிடிக்க வந்த கூட்டம். நல்லவேளையாக பிளிண்டர்ஸின் சமையல்காரர் மலாய்க்காரர். அவரே மொழிபெயர்ப்பாளர் ஆனார். மொத்தம் அறுபது படகுகளும் ஆயிரம் ஆட்களும் இந்தக் கரையெங்கும் பரவியிருப்பதாகவும், தாம் இருபது ஆண்டுகளில் ஆறேழு முறை வந்திருப்பதாகவும் போபாசோ சொன்னார். கையில் வரைபடம் கிடையாது. சட்டைப்பையில் அடங்கும் சிறு திசைகாட்டி ஒன்று. பிரியும்போது, வேறு கப்பலைச் சந்தித்தால் காட்டுவதற்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டாராம். ஆபத்தான கடலில் புது ஆள் யாரென்று ஒரே பார்வையில் கணித்த மனிதர்!

பிளிண்டர்ஸ் குறித்துவைத்த செய்முறை இது: மூச்சடக்கி மூழ்கி எடுப்பது, ஒரு பக்கம் கீறி வேகவைப்பது, கல்லை ஏற்றி அமுக்குவது, மூங்கில் குச்சியால் விரித்து வெயிலில் காயவைப்பது, பிறகு புகை போடுவது. ஆயிரம் அட்டை சேர்ந்தால் ஒரு பிக்குல், அதாவது ஓர் ஆள் சுமை. நூறு பிக்குல் ஒரு படகுச் சரக்கு. அப்படியானால் ஒரு படகுக்கு ஒரு லட்சம் அட்டை. அறுபது படகுக்கு? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மக்கசார்காரர்கள் கரையில் நான்கைந்து மாதம் தங்கினார்கள். கொப்பரை வைக்கக் கல் அடுப்பு வரிசை கட்டினார்கள். யொல்ஙு முதலான பழங்குடி மக்களுக்கு இரும்பும் துணியும் புகையிலையும் கொடுத்தார்கள்; குடைந்த மரத்தோணி செய்யும் வித்தை கைமாறியது. சில யொல்ஙு இளைஞர்கள் மக்கசாருக்குப் போய்க் குடும்பமும் கட்டினார்கள். இன்றும் யொல்ஙு மொழிகளில் பணத்துக்கு வழங்கும் சொல் ‘ருப்பியா’. நம் ரூபாயேதான், ஒரு கடல் சுற்றி வந்தது. இன்னொன்றும் நமக்குத் தெரிந்ததுதான்: மக்கசார்காரர்கள் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டையிலிருந்து முளைத்த புளியமரங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து இந்தியக் குழம்புகளில் குடியேறிய புளி, அட்டை வேகவைத்தவர்களின் மீன் சாற்றோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. எந்தக் கரையில் புளியமரம் நிற்கிறதோ அங்கே பழைய அட்டை அடுப்பைத் தேடலாம் என்பது தொல்லியலாளர்களுக்குக் கைகண்ட குறிப்பு.

வியாபாரம் நடக்கும் இடத்தில் காப்பியடிப்பவர்களுக்குப் பஞ்சம் ஏது? மக்கசார் படகுகளை இழுத்து இன்னொரு சிங்கப்பூரை உண்டாக்கிவிடலாம் என்று பிரிட்டிஷார் அந்தக் கரையில் அடுத்தடுத்து மூன்று குடியேற்றங்கள் போட்டார்கள். 1824-ல் ஒன்று, 1827-ல் ஒன்று, 1838-ல் போர்ட் எசிங்டனில் ஒன்று. காய்ச்சலும் கரையானும் தனிமையும்தான் மிஞ்சின. கடைசியாகப் போட்டதையும் 1849-ல் கைவிட்டார்கள். அட்டைக்காரர்களை வரவழைக்க முடியாத அரசு, பிறகு அவர்களிடம் வரி வசூலிக்கத் தொடங்கியது. 1880களில் சுங்கவரி, உரிமக் கட்டணம். 1906-ல் உரிமமே நிறுத்தம். உசிங் டாயெங் ரங்கா என்ற தலைவனின் படகு 1907-ல் திரும்பியதோடு, குறைந்தது ஒன்றரை நூற்றாண்டுத் தொடர்பு ஓர் உத்தரவில் அறுந்தது.

பசிபிக் பக்கம் நடந்தது இன்னும் முரட்டுக் கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சூனியக்காரி வழக்குகளால் பேர் கெட்ட சேலம் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊர்க் கப்பல்காரர்களுக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனர்களுக்கோ அமெரிக்கச் சரக்கு எதுவும் வேண்டாம். வெள்ளிக்காசைக் கொட்ட மனமில்லாமல், சீனர்கள் ஆசைப்படும் பொருளை உலகெங்கும் துழாவினார்கள். பிஜித் தீவின் சந்தனமரத்தைப் பத்தே ஆண்டில் வெட்டித் தீர்த்தார்கள். சந்தனம் தீர்ந்த கரையில்தான், காலடியில் அட்டை கிடப்பது தெரிந்தது. 1820களின் கடைசியில் தொடங்கியது வேட்டை. அட்டை மணிலாவுக்குப் போகும், அங்கிருந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு. பாஸ்டன்காரரின் தேநீர்க் கோப்பைக்கான செலவில் ஒரு பங்கைப் பிஜிக் கடலடி ஏற்றுக்கொண்டது.

பிஜியில் மழை ஓயாது. வெயிலை நம்பி அட்டையைக் காயப்போட முடியாது. ஆகவே எண்பது, தொண்ணூறு அடி நீளத்துக்கு ஓலைக் கொட்டகை கட்டி, தரையில் அகழி வெட்டி இரவும் பகலும் தீ மூட்டி, மேலே பரண்களில் அட்டையைப் பரப்பினார்கள். பக்கத்திலேயே பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர், கொட்டகை பற்றிக்கொண்டால் அணைக்க. காடு காடாக விறகு எரிந்தது. அட்டை பொறுக்கவும் விறகு வெட்டவும் ஊர் ஊராக ஆள் வேண்டும். ஆள் அனுப்பும் தலைவர்களுக்குக் கூலி துப்பாக்கி. யார் கையில் அதிகத் துப்பாக்கியோ அவர் பக்கத்துத் தீவை அடக்கினார். பாவு என்ற சின்னஞ்சிறு தீவின் தலைவர்கள் பிஜியின் பெரும் சக்தியாக எழுந்ததில் இந்த அட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் காலத்துப் பிஜியை நாம் அறிய உதவும் முக்கிய நூல்களில் ஒன்றை எழுதியவரும், அட்டைக் கப்பல் தலைவனின் மனைவி மேரி வாலிஸ். கணவனோடு ‘சோடாஃப்’ என்ற கப்பலில் வாழ்ந்த அனுபவத்தை 1851-ல் நூலாக்கினார்.

ரத்தமும் சிந்தியது. 1834-ல் சார்லஸ் டாகெட் என்ற அட்டைக் கப்பலின் மாலுமிகள் கடாவு தீவின் பக்கம் கொல்லப்பட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து வந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்குழு, அதற்காக ரோ வேய்டோவி என்ற பிஜித் தலைவரைப் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1842-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்ததுமே அவர் இறந்தார். மண்டையோட்டை அருங்காட்சியகச் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். யாரோ தின்னும் பண்டத்துக்காக யாரோ யாரையோ கொல்ல, யாரோ தண்டனை அனுபவித்தார்கள்.

1830-ல் பெஞ்சமின் மோரெல் என்ற கப்பல் தலைவர் பசிபிக் தீவு ஒன்றில் அட்டைக் கொட்டகை போடப் போய், உள்ளூர் மக்களின் தாக்குதலில் 14 ஆட்களை இழந்தார். ஊர் திரும்பி அதைப் புத்தகமாக்கி விற்றார். அந்தப் புத்தகம் ஒரு கதாசிரியரின் கையில் சிக்கியது. அவர் எட்கர் ஆலன் போ. அவர் எழுதிய ஒரே முழு நாவலான ‘ஆர்தர் கோர்டன் பிம்’ 1838-ல் வந்தது. அதில் கப்பல்காரர்கள் மர்மத் தீவில் இறங்கி எதற்குக் கொட்டகை போடுகிறார்கள் தெரியுமா? கடல் அட்டை பதப்படுத்துவதற்கு! திகில் கதையின் நடுவே அட்டை வேகவைக்கும் முறையை மோரெலிடமிருந்து அள்ளி வைத்திருக்கிறார் போ. அட்டை வியாபாரத்தைக் காப்பியடித்தவர்கள் பலர். அட்டைப் பக்கத்தையே காப்பியடித்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். நாவலில் மட்டுமல்ல, ஒரு மொழியின் பேரிலும் அட்டை இருக்கிறது. பசிபிக்கின் வனுவாட்டு நாட்டில் இன்று தேசிய மொழியாக இருப்பது பிஸ்லாமா. அந்தப் பேரே, அட்டை வியாபாரிகள் பேசிய கலப்பு மொழி என்பதால் பிரெஞ்சில் அட்டைக்கு வழங்கும் பேரிலிருந்து ஒட்டிக்கொண்டது.

இனி நம் கரை. சீனர்களே இந்தத் தொழிலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் கொண்டுவந்தார்கள் என்று மீன்வளத் துறை நூல்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. ஆயிரம் என்ற எண்ணுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் நொபொரு கராஷிமாவின் குழுவினர் ஆராய்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பீங்கானைக் கொண்டுவந்த கப்பல் வெறும் வயிற்றோடு திரும்பியிருக்காது.

1917-ல் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தத் தொழிலின் வரலாற்றையும் அது அண்மையில் மீண்டெழுந்ததையும் விரிவாக எழுதினார். அவர் பார்த்த வேலைக்கும் பின்னாளில் வேதாளையிலும் தொண்டியிலும் நடந்த வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணில் கண்ணாடி, காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். தல்லுமடி வலை இழுத்தாலும் அகப்படும். மீனவர்களுக்கு எல்லாம் ஒரே அட்டை இல்லை. அதிக விலை போவது வெள்ளை அட்டை. ராஜா அட்டை என்று ஒன்று. தொட்டதும் வெள்ளை நூலாகப் பிசினைக் கக்குவது நூல் அட்டை. வெள்ளை அட்டையை நுனியில் கீறிக் குடலைப் பிதுக்கி எறிந்து, இரும்புக் கொப்பரையில் கிண்டிக் கிண்டி வேகவைப்பார்கள். பிறகு கடற்கரை மணலில் குழி தோண்டி ஓரிரவு புதைத்து வைப்பார்கள். அதன் தோலில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படர்ந்திருக்கும். அது பல்லில் நறநறத்தால் ஹாங்காங் வியாபாரி சரக்கையே தள்ளிவிடுவார். புதைத்து எடுத்ததைக் கூடையில் போட்டுக் கடல்தண்ணீர் ஊற்றிக் காலால் மிதித்துத் தேய்த்தால் சுண்ணாம்பு கழன்று ஓடும். இன்னொரு முறை வேகவைத்து வெயிலில் காயப்போட்டால், கையகலம் இருந்தது விரல் பருமன் ஆகிவிடும். எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த விரல் பருமனுக்குத்தான் விலை. நல்ல பெரிய வெள்ளை அட்டை உலர்ந்த பிறகு, சீனக் கடைகளில் கிலோ 1,000 டாலருக்கு மேலும் விற்றிருக்கிறது. கரையில் கூடையை மிதித்தவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விலை ஏற ஏற அட்டை சிறுத்தது. 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. அட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு: ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும், இரண்டும் அருகருகே இருந்தால்தான் கரு. ஒரு வளைகுடாவில் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், மிச்சம் இருப்பவை ஒன்றுக்கொன்று எட்டாமல் வம்சம் அப்படியே நின்றுவிடும். பிடிப்பதை நிறுத்தினாலும் அவ்வளவு சீக்கிரம் மீளாது.

அங்கேதான் தூத்துக்குடி வருகிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில், டி.பி. ஜேம்ஸ் தலைமையிலான விஞ்ஞானிகள் 1988-ல் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். வெப்பக் கடலின் இந்த வகையைப் பொறுத்தவரை உலகிலேயே முதல் முறை. கையாண்ட வித்தை எளியது: தொட்டித் தண்ணீரின் சூட்டைச் சட்டென்று மூன்று முதல் ஐந்து டிகிரி ஏற்றுவது. சூடு பட்டதும் ஆண் அட்டை முன் உடலைத் தூக்கி மெல்ல இப்படியும் அப்படியும் அசையும். பாலாக விந்து கசியும். அதன் வாடை பட்டதும் பெண்கள் முட்டைகளைப் பீய்ச்சும், லட்சக்கணக்கில். கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகள் இரண்டு வாரம் போல மிதந்து பாசி தின்று, பிறகு அடியில் அமரும். வியட்நாம், சாலமன் தீவுகள், பிலிப்பைன்ஸ், மடகாஸ்கர் என்று பல நாடுகள் இந்த வழியைப் பின்பற்றி, மெருகேற்றிக்கொண்டன. பல நூற்றாண்டாக அட்டை மட்டுமே வெளியே போய்க்கொண்டிருந்த கரையிலிருந்து, முதன்முறையாக அட்டை பற்றிய அறிவு வெளியே போனது.

உலகம் அதற்குள் பொறுமை இழந்திருந்தது. டார்வின் பார்த்த கலாபகஸ் தீவுகளில் 1994-ல் ஈக்வடார் அரசு மூன்று மாதத்துக்கு 5,50,000 அட்டை மட்டும் பிடிக்கலாம் என்று அனுமதித்தது. அதைப் போலப் பல மடங்கு பிடித்துவிட்டார்கள். அரசு பருவத்தை மூடியதும் கோபமடைந்த மீனவர்கள் 1995 ஜனவரியில் கத்திகளோடு சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தை முற்றுகையிட்டு, அங்கே பாதுகாக்கப்பட்ட ராட்சத ஆமைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். கடல் அட்டைக்கு நில ஆமை பணயம்!

இந்தியா எடுத்த வழி வேறு. 2001-ல் எல்லாக் கடல் அட்டைகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் நூல் அட்டைக்கும் வங்கப் புலிக்கும் ஒரே மரியாதை. பிடித்தால் மட்டுமல்ல, வலையில் தவறி வந்ததை வைத்திருந்தாலும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதன் பலனாகச் சில இடங்களில் அட்டை பிழைத்திருக்கிறது. லட்சத்தீவில் 2020-ல் 239 சதுர கிலோமீட்டர் பரப்பை அட்டைக்காகவே காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு எதிரே, முப்பது கிலோமீட்டர் போலத் தள்ளி, இலங்கையில் அட்டை பிடிப்பதும் ஏற்றுமதியும் உரிமம் வாங்கிச் செய்யும் சட்டபூர்வத் தொழில். ஒரே கடல், ஒரே பிராணி. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் புலி, அந்தப் பக்கம் சரக்கு. கடத்தல் நடக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பக்கமும் அமைதி இல்லை. யாழ்ப்பாணம் அரியாலையில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்று அட்டைக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் ஆழமற்ற கடலில் கம்பு நட்டு வலை கட்டிய அட்டைப் பண்ணைகள் பெருகின. படகு போகும் பாதையை அடைக்கிறது, இறாலும் நண்டும் பிடித்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று சிறு மீனவர்கள் போராடினார்கள். வடக்கின் கடல் சீனாவுக்கா என்ற அரசியல் கேள்வியும் சேர்ந்துகொண்டது. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையிலோ வேஸோ மீனவக் குடும்பங்கள் பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கிக் கடலில் வேலி கட்டி வளர்க்கின்றன. அங்கேயும் சீனாவுக்குத்தான் விற்பனை. ஆனால் வேலி அந்தந்த ஊர்க் குடும்பத்துடையது, இரவில் திருடனைக் காவல் காப்பதும் அவர்களே.

என்னைக் கேட்டால், காட்டு அட்டைக்கு இந்தத் தடை இருக்கட்டும். கடலடி மணலை உழுது கடற்புல் செழிக்க உதவும் பிராணியை இன்னொரு தடவை கொப்பரைக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் தூத்துக்குடியில் பிறந்த வித்தையைத் தூத்துக்குடிக்காரர் கையாள முடியாது என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வேகவைத்த பிறகு எது பண்ணை அட்டை, எது காட்டு அட்டை என்று எப்படிப் பிரிப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள், சரியான கேள்விதான். வேகவைக்கும் இடத்தை ஒன்றே ஒன்றாக்கி, குஞ்சு வாங்கியதற்கும் விளைந்ததற்கும் அங்கே கணக்கு ஒப்பிடச் சொல்லலாம். பாக் நீரிணையின் ஒரு சிறு மூலையில், மீனவப் பெண்கள் கூட்டுறவு ஒன்றிடம் பொரிப்பகக் குஞ்சை மட்டும் கொடுத்து, விளைந்ததில் ஒரு பங்கைக் கடலில் திரும்ப விட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐந்து ஆண்டு பார்க்கட்டும். கணக்கு உதைத்தால் மூடிவிடலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது.